கடலை அளந்த நான்சென்

கடலுக்கு வேலியில்லை. ஒரு நாட்டின் கரையைத் தழுவிய நீர் நாளடைவில் மற்றொரு நாட்டின் கரையைச் சென்று சேர்கிறது. அந்நீரில் வாழும் மீனும் அரசியல் எல்லைகளை அறியாது. ஆகவே, கடலைத் தனியொரு நாடு முற்றிலும் ஆராய்ந்து அறிந்துவிட இயலாது. இன்று இதனை யாரும் மறுப்பதில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல நாட்டு அறிஞர்களை ஒரே மேசையில் அமர்த்தி, அவர்கள் அனைவர் கையிலும் ஒரே அளவுகோலைக் கொடுப்பது எளிய செயலாக இருக்கவில்லை. அதற்காக உழைத்த பெருமக்களுள் ஒருவரான நார்வே நாட்டு ஃபிரிட்யோஃப் நான்சென் என்பவரின் வாழ்வையே இங்கு எழுத விழைகிறேன்.

நான்சென்னை வடமுனைப் பயணியாக அறிந்தோர் பலர். அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவராக அறிந்தோரும் உளர். விலங்கியல் பயிலும் எனக்கோ, அவரும் விலங்கியல் மாணவராகவே வாழ்வைத் தொடங்கினார் என்பது முதலில் மகிழ்ச்சி தந்தது. மேலும் படிக்கப் படிக்க, அவருடைய பல்வேறு பணிகளுக்கும் அடியில் ஒரே கருத்து ஓடுவதைக் கண்டேன். அதனை இறுதியில் கூறுகிறேன்.

இளமையும் கல்வியும்

நான்சென் 1861 அக்டோபர் 10 ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகருக்கு அருகில் பிறந்தார். காடும் பனியும் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றபோது, 1882 ஆம் ஆண்டு, கடல்நாய் வேட்டைக்குச் சென்ற வைக்கிங் என்னும் கப்பலில் ஏறிக் கிரீன்லாந்துக் கடலைக் கண்டு வந்தார். அங்கே பனிப்பாறைகளின் மேல் மரக்கட்டைகள் கிடப்பதைப் பார்த்தார். மரமே வளராத அந்நிலப்பகுதிக்குக் கட்டைகள் எங்கிருந்து வந்தன? இந்த வினா அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது.

பின்னர் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியேற்று, சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 1888 இல் முனைவர் பட்டத்திற்கான ஆய்வை முடித்தார். அதே ஆண்டில் ஐந்து துணைவருடன் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அவருக்கு முன் முயன்றோர் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பினர். நான்சென் ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். திரும்பிச் சென்றால் உதவுவார் யாருமில்லை. முன்னே செல்வதொன்றே வழி!

பனியோடு பகை கொள்ளாத கப்பல்

1881 இல் ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் சிக்கி நொறுங்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதன் சிதைவுகள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே கிடைத்தன. பழைய வினாவுக்கு இங்கே விடை இருப்பதாக நான்சென் கண்டார். வடமுனைக் கடலின் பனி அசையாது நிற்பதன்று. சைபீரியப் பக்கத்திலிருந்து கிரீன்லாந்துப் பக்கம் நோக்கி அது மிதந்து செல்கிறது. அப்படியானால், பனியை எதிர்த்துப் போரிடுவானேன்? ஒரு கப்பலைப் பனியிலேயே உறையவிட்டு, அதனுடன் சேர்ந்து மிதந்து சென்றால் என்ன?

அக்காலத்தின் புகழ்பெற்ற முனைப் பயணிகள் பலர் இத்திட்டத்தை அறிவீனம் என்றனர். நான்சென் தளரவில்லை. காலின் ஆர்ச்சர் என்னும் கைதேர்ந்த கப்பல் கட்டுநர் அவருக்காக ஃபிராம் என்னும் கப்பலைக் கட்டினார். ஃபிராம் என்றால் முன்னோக்கி என்று பொருள். அதன் அடிப்பாகம் உருண்டையாக அமைந்தது. பனி இருபுறமும் நெருக்கும்போது கப்பல் நொறுங்காமல் மேலே எழும்பிவிடும்.

1893 ஜூன் திங்களில் 13 பேருடன் ஃபிராம் புறப்பட்டது. செப்டம்பரில் பனியில் உறைந்தது. பின்னர் ஏறத்தாழ மூன்றாண்டு மிதவை! 1895 மார்ச்சில் நான்சென், யோஹான்சென் என்னும் துணைவருடன் கப்பலை விட்டு இறங்கி, நாய்கள் இழுத்த வண்டிகளுடன் முனையை நோக்கி நடந்தார். 86 பாகை 14 கலை வரை சென்றார். அதற்கு முன் மனிதர் எட்டிய எல்லையை விட அது ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே. திரும்பும் வழியில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் ஆன குடிலில், கரடி இறைச்சியை உண்டு ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். ஒருநாள் அவர்களுடைய உடைமைகள் அனைத்தையும் தாங்கிய இரு தோல் படகுகளும் கட்டவிழ்ந்து மிதந்து போயின. நான்சென் உறைகுளிர் நீரில் குதித்து நீந்திச் சென்று அவற்றை மீட்டார். 1896 ஆகஸ்ட் 13 ஆம் நாள் அவர் நார்வே மண்ணை மிதித்தார். அதே நாளில் ஃபிராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டது.

வீரச் செயலாக மட்டும் இதைக் கருதினால் பாதியே கண்டவராவோம். பனியில் மிதந்த நாளெல்லாம் அக்கப்பல் ஓர் ஆய்வுக்கூடமாக விளங்கியது. வடமுனைக் கடல் ஆழமற்றது என்று எண்ணியே கயிறு கொண்டு சென்றனர், அது எட்டவில்லை. கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்து நீண்ட கம்பியாகத் திரித்து இறக்கியபோது, ஆழம் 3000 மீட்டரையும் தாண்டியது தெரிந்தது. குளிர்ந்த மேல்நீருக்கு அடியில் அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த வெப்பம் மிக்க நீர்ப்படலம் இருப்பதும் வெளிப்பட்டது. பனி, காற்று வீசும் திசையிலேயே செல்லாமல் 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகிச் செல்வதையும் நான்சென் குறித்துக்கொண்டார். பூமி சுழல்வதே இதற்குக் காரணம் என்று கருதினார். அக்குறிப்பை வைத்து எக்மன் என்னும் சுவீடன் நாட்டு இளைஞர் கணக்கிட்டு நிறுவிய கொள்கையைக் கடலியல் நூல்கள் இன்றும் கற்பிக்கின்றன.

ஒரே மரக்கால்

முற்காலத்தில் நம் நாட்டில் ஊருக்கு ஊர் மரக்கால் மாறும். பட்டணம்படி வேறு, உள்ளூர்ப்படி வேறு என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். விளைந்த நெல் ஒன்றே. அளந்த எண் மட்டும் வேறு. கடலாய்விலும் அன்று இதே நிலைதான்.

1000 கிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. உப்பும் வெப்பமும் மாறினால் நீரின் அடர்த்தி மாறும். அடர்த்தி மாறினால் நீரோட்டம் மாறும். ஆழ்கடலில் இந்த உப்பளவின் வேறுபாடு தசமத்தின் இரண்டாம் இடத்தில்தான் தெரியும். இரு நாட்டு ஆய்வுக்கூடங்களின் அளவுகள் அதற்கு மேல் வேறுபட்டால், இல்லாத நீரோட்டம் படத்தில் தோன்றும். இருக்கும் நீரோட்டம் மறைந்துபோகும். ஃபிராம் கப்பலில் எடுத்த உப்பளவுகளும் போதிய துல்லியம் உடையன அல்ல என்பதைப் பின்னர் நான்சென்னே உணர்ந்தார்.

1899 இல் ஸ்டாக்ஹோமிலும் 1901 இல் கிறிஸ்டியானியாவிலும் மாநாடுகள் கூடின. ஹெர்ரிங், காட் ஆகிய மீன்கள் ஓராண்டு பெருகுவதும் மறு ஆண்டு அருகுவதும் ஏன் என்பதே அவற்றை எதிர்நோக்கிய பெரும் வினா. 1902 ஜூலை 22 இல் கோபன்ஹேகனில் பன்னாட்டுக் கடலாய்வுக் கழகம் பிறந்தது. டென்மார்க், பின்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, சுவீடன், ரஷ்யா, பிரிட்டன் என எட்டு நாடுகள் சேர்ந்தன. பின்லாந்து அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. நார்வேயோ சுவீடன் மன்னரின் கீழ் இருந்தது. எனினும் கடலாய்வில் அவற்றிற்குத் தனி இருக்கை கிடைத்தது.

கழகத்தின் மைய ஆய்வுக்கூடம் கிறிஸ்டியானியாவில் அமைந்தது. 1902 முதல் 1908 வரை அதன் தலைவர் நான்சென். கருவிகளைச் செம்மைப்படுத்துவதும், நியமக் கடல்நீர் தயாரிப்பதும் அதன் பணிகள். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு தரம் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஒரு சொட்டு மிகுந்தாலும் செங்கல் நிறம் தோன்றிவிடும். கடல்நீரின் உப்பையும் அன்று அம்முறையிலேயே அளந்தனர். குளோரின் அளவு மிகத் துல்லியமாக அறியப்பட்ட கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வாயை உருக்கி மூடி, நாடெங்கும் அனுப்பினர். ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் கரைசலை முதலில் அந்நீருடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தது. 1908 முதல் டென்மார்க் அறிஞர் நூட்சென் கோபன்ஹேகனில் இப்பணியைத் தொடர்ந்தார். ஆழ்நீரை அள்ளிவர நான்சென் அமைத்த தலைகீழாகும் உலோகக் குப்பியும் உலகக் கப்பல்களிலெல்லாம் இடம்பெற்றது.

1909 இல் நான்சென்னும் ஹெலண்ட்-ஹான்சென்னும் நார்வேக் கடலைப் பற்றிய பெருநூலை வெளியிட்டனர். கடல்நீரின் வெப்பம் ஆண்டுக்காண்டு மாறுவதற்கும், தட்பவெப்பநிலைக்கும் மீன்வளத்திற்கும் தொடர்புண்டு என்பதை அதில் ஆராய்ந்தனர்.

அளவு நிறுத்தாத போர்

இங்கே ஓர் ஐயம் எழலாம். உப்பை ஒன்றாக அளந்தவர்கள் உள்ளத்தால் ஒன்றுபட்டார்களா? இல்லை. 1914 இல் ஜெர்மனி ஒருபுறமும், பிரிட்டனும் ரஷ்யாவும் மறுபுறமுமாகப் போரில் இறங்கின. பொது அளவுகோல் போரை நிறுத்தவில்லை. இக்கசப்பான உண்மையை மறைத்துவிட்டு நான்சென்னைப் புகழ்தல் முறையாகாது.

போருக்குப்பின் அவர் செய்ததைப் பாருங்கள். 1920 இல் உலக நாடுகள் சங்கம் அவரிடம் போர்க்கைதிகளை மீட்கும் பணியை ஒப்படைத்தது. இரண்டே ஆண்டுகளில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தத்தம் நாடு திரும்பினர். 1921 இல் ரஷ்யாவில் பெரும்பஞ்சம் வந்தது. சங்கத்தின் அரசுகள் கடனளிக்க மறுத்தன. அவர் பொதுமக்களிடம் கையேந்தினார்.

தாய்நாட்டுக் குடியுரிமையை இழந்த ரஷ்ய அகதிகளுக்காக 1922 இல் நான்சென் கடவுச்சீட்டு உருவாயிற்று. அது ஒரு காகிதம்தான். ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. ஏற்றதால்தான் அதற்கு உயிர் வந்தது. மூடிய கண்ணாடிக் குழாயிலிருந்த கடல்நீருக்கும் மதிப்பு அவ்வாறுதானே வந்தது! எல்லாரும் ஒப்பிய ஒன்றே எல்லாருக்கும் பயன்படும் என்பதே நான் கண்ட அந்த ஒரே கருத்து. அவ்வாண்டு நோபல் பரிசு பெற்ற அவர், பரிசுத் தொகையையும் துயர் துடைக்கும் பணிக்கே அளித்தார். 1930 மே 13 இல் மறைந்தார்.

மறையாத பணி

1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் நாற்பதுக்குக் குறையாத கப்பல்கள் பங்கேற்றன. நம் கடற்படையின் கிஸ்த்னாவும் அவற்றுள் ஒன்று. அதன் விளைவாகவே 1966 இல் தேசியக் கடலியல் நிறுவனம் அமைந்தது. நான்சென் பெயர் தாங்கிய ஆய்வுக்கப்பல்கள் 1975 முதல் வளரும் நாடுகளின் மீன்வளத்தை ஆராய்ந்து வருகின்றன. இலங்கைக் கடலில் 1978 முதல் 1980 வரையிலும், மீண்டும் 2018 இலும் அவை ஆய்வு நடத்தின.

2019 இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல், 20 நாடுகளின் அறிஞர்களுக்காக, ஃபிராம் போலவே பனியில் உறைந்து மிதந்தது. புறப்பட்ட இடம் வேறாதலால் இரு மிதவைகளின் காலத்தை நேரே ஒப்பிடலாகாது. ஆயினும், பனி மெலிந்து விரைந்து நகர்வதைப் புதியவர்கள் கண்டனர். வடமுனை வெப்பமடைவதை அறிவதற்கு நான்சென் பதிந்து வைத்த எண்கள் இன்றும் பழைய சான்றாக நிற்கின்றன. எழுதியவர் மறைந்தும் எண் பேசுகிறது!

மாணவத் தோழர்களே, நம்மில் எல்லாரும் வடமுனை செல்லப்போவதில்லை. ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஆய்வேட்டில் எண்களை எழுதுகிறோம். பக்கத்து மேசையின் விடையைப் பார்த்து நம் எண்ணைத் திருத்தாமல், கண்டதைக் கண்டவாறே எழுதுவோம். முன்பின் அறியாத ஒருவர், எந்த நாட்டவராயினும், நம்பி எடுத்துக்கொள்ளத்தக்க எண்ணாக அது அமையட்டும்.