வெளிச்சத்தின் ஓசையைக் கேட்டவர்

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என்றதும் தொலைபேசிதான் நினைவுக்கு வரும். ஆனால், தன் கண்டுபிடிப்புகளில் தலையாயதாக அவர் கருதியது, ஒளிக்கற்றையில் பேச்சை ஏற்றி அனுப்பும் போட்டோபோன் கருவியை. உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எனினும், அந்த ஆய்வின்போது அவர் கண்டறிந்த ஓர் உண்மைதான், மாரடைப்பால் இதயத் தசைக்கு நேர்ந்த சேதத்தை உடலைக் கீறாமல் காண முயலும் இன்றைய ஆராய்ச்சிக்கு அடித்தளம்.

1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார் பெல். தந்தை பேச்சொலிகளை ஆராய்ந்த ஆசிரியர். தாய் செவித்திறன் குன்றியவர். உடன்பிறந்தோர் இருவரும் காசநோய்க்கு அடுத்தடுத்துப் பலியாகவே, எஞ்சிய ஒரே மகனுடன் பெற்றோர் 1870-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரில், காது கேளாதோருக்குப் பேசக் கற்பிக்கும் ஆசிரியரானார் பெல். அவர் மணந்த மேபலும் சிறு வயதில் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவரே. காது கேளாதோர் சைகை மொழியை விட்டுப் பேச்சுக்குப் பழக வேண்டும் என்பதில் பெல் காட்டிய பிடிவாதம், அச்சமூகத்தினரால் இன்றும் கண்டிக்கப்படுகிறது.

1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1880-இல் பிரான்ஸ் அரசு வழங்கிய வோல்டா பரிசின் 50,000 பிராங்க் தொகையைக் கொண்டு வாஷிங்டனில் ஆய்வுக்கூடம் நிறுவினார். அதே ஆண்டு, உதவியாளர் சார்லஸ் சம்னர் டெயின்டருடன் இணைந்து, ஒரு பள்ளிக் கட்டடத்தின் கூரையிலிருந்து சுமார் 213 மீட்டர் தொலைவிலிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்குச் சூரிய ஒளி வழியே பேச்சை அனுப்பிக் காட்டினார். பிறந்த மகளுக்கு அக்கருவியின் பெயரையே சூட்ட விரும்பினார் என்பதும், மனைவி அதைத் தடுத்தார் என்பதும் அவரது உற்சாகத்துக்குச் சான்று.

அந்த ஆய்வில்தான் வியப்பான ஒன்று புலப்பட்டது. விட்டுவிட்டு விழும் ஒளிக்கற்றையை மெல்லிய தகட்டின் மீது பாய்ச்சினால், அந்தத் தகடே ஒலி எழுப்பியது. ஒளியை உறிஞ்சும் பொருள் சூடேறி விரிகிறது. ஒளி நின்றதும் குளிர்ந்து சுருங்குகிறது. இந்தத் துடிப்பே ஒலியாகிறது. கருமையான பொருள்கள், குறிப்பாகப் புகைக்கரி, உரக்க ஒலித்தன.

1881-ஆம் ஆண்டின் கோடைக்காலம் பெல்லின் வாழ்வில் துயரமானது. ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் புதைந்த குண்டைத் தேட மருத்துவர்கள் காயத்துக்குள் விரல்களை விட்டுத் துழாவினர். கீறாமலேயே குண்டைக் கண்டறிய மின்காந்தக் கருவி ஒன்றை அவசரமாக வடிவமைத்தார் பெல். ஆனால், கட்டிலின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின; தலைமை மருத்துவரோ வலப்புறத்தை மட்டுமே சோதிக்க அனுமதித்தார். செப்டம்பரில் அதிபர் இறந்தபின், குண்டு இடப்புறத்தில் இருந்தது தெரியவந்தது. இதற்கிடையே ஆகஸ்டில், குறைப்பிரசவத்தில் பிறந்த பெல்லின் ஆண் குழந்தை மூச்சுத்திணறி, பிறந்த சில மணி நேரத்தில் இறந்தது. அந்த வேதனையிலிருந்து செயற்கைச் சுவாசத்துக்கான கருவி ஒன்றை உருவாக்கினார்.

உடலைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் ஆசையும், ஒளி எழுப்பும் ஓசையும் அவர் கைகளில் ஒரே காலத்தில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் லேசர் பிறக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாரடைப்பில் ரத்தம் தடைபட்டு, ஆக்சிஜன் கிடைக்காத இதயத் தசை மடிகிறது. மடிந்தது எவ்வளவு, மீட்கக்கூடியது எவ்வளவு என்பதே நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பைத் திசுக்களில் செலுத்தினால், ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி மீயொலி அலையை எழுப்புகிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினும் ஏற்காததும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், தசையின் எப்பகுதி ஆக்சிஜனின்றித் தவிக்கிறது என்பதைப் படமாக்க முடியும். இதற்குக் கத்தி வேண்டாம். எக்ஸ் கதிர் வேண்டாம்.

தடைகளும் உண்டு. ஒளி உடலுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே சிதறிவிடுகிறது. விலா எலும்பும், காற்று நிறைந்த நுரையீரலும், ஓயாத துடிப்பும் இடையூறு செய்கின்றன. இதயத்தைப் பொறுத்தவரை, எலி போன்ற சிறு விலங்குகளிடம்தான் இம்முறை பெரிதும் சோதிக்கப்பட்டிருக்கிறது.

1922 ஆகஸ்ட் 2 அன்று கனடாவில் பெல் காலமானார். அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டபோது, வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன. அந்த அஞ்சலி தொலைபேசிக்கானது. ஒலித்த தகட்டை அன்று நினைத்தவர் அரிது.

ஓர் ஆய்வுக்கு நிதி ஒதுக்கும்போதே அதன் உடனடிப் பயன் என்ன என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வலுத்து வருகிறது. அந்தக் கேள்வி 1880-இல் கேட்கப்பட்டிருந்தால், பெல்லிடம் பதில் இருந்திருக்காது. பரிசுப் பணமும், கட்டுப்பாடற்ற ஆர்வமும், ஓர் ஆய்வுக்கூடமுமே அவரிடம் இருந்தன. அறிவியலுக்கு அவ்வளவு இடமாவது தருவது அரசுகளின் கடமை.