கல்லும் நூலும் கற்பித்த கோபிநாதராவ்

தென்னாட்டுக் கோயில்களில் உள்ள திருவுருவங்களைப் பற்றி எழுத முற்படுவோர் முதலில் நாடும் நூல் ஒன்று உண்டு. திருவுருவத்தின் பெயர் என்ன, எத்தனை கைகள், எந்தக் கையில் எந்தப் படைக்கலம், எந்த நிலையில் நிற்கிறது, எந்த அளவில் அமைய வேண்டும் என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை தரும் அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இந்துப் படிமக்கலையின் கூறுகள் என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இரண்டு தொகுதிகள், நான்கு பகுதிகள் கொண்ட அப்பெருநூலை 1914ஆம் ஆண்டிலும் 1916ஆம் ஆண்டிலுமாகச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த லா அச்சகத்தின் வழியே வெளியிட்டவர் டி. ஏ. கோபிநாதராவ். பழைய தமிழாராய்ச்சியாளர்கள் இவரைக் கோபிநாதராயர் என்றும் குறிப்பிடுவர்.

1872ஆம் ஆண்டில் பிறந்து, 1919ஆம் ஆண்டில் மறைந்தவர் இவர். நாற்பத்தேழு ஆண்டுகளே நீண்ட வாழ்க்கை. அதற்குள் கல்வெட்டறிஞர், செப்பேட்டுப் பதிப்பாசிரியர், படிமக்கலை ஆராய்ச்சியாளர், சமய வரலாற்றாசிரியர் என்னும் நான்கு துறைகளிலும் நிலைத்த பணி செய்தார். சுந்தரசோழன் காலத்து அன்பில் செப்பேடுகளைப் பதிப்பித்தவர் இவரே. சோழவம்ச சரித்திரச் சுருக்கம் என்னும் நூலைத் தமிழிலேயே எழுதினார். 1908ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அத்துறையின் வெளியீட்டு வரிசை வழியே சேர நாட்டுக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அறிஞர் உலகின் பார்வைக்கு வந்தன.

அவர் பணியாற்றிய அரசின் இயல்பை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே பத்மநாபசுவாமியின் திருவடியில் ஒப்படைத்து, மன்னர் அப்பெருமானின் அடியவராக ஆளும் மரபைத் தொடங்கி வைத்தார். ஸ்ரீமூலம் திருநாள் இராமவர்மரின் ஆட்சியிலும் அம்மரபு தொடர்ந்தது. கோயிலும் அரசும் பிரிவின்றி இருந்த ஒரு நாட்டில், ஓர் அரசு ஊழியர் கோயில்களின் பழைமையை ஆராய்ந்து, கண்டதைக் கண்டபடி அச்சிட வேண்டியிருந்தது. கோபிநாதராவின் வாழ்க்கையை வெறும் புலமை வரலாறாக மட்டும் கருத முடியாமைக்குக் காரணம் இதுவே.

மூடிய வாயிலும் திறந்த ஏடும்

திருவுருவங்களை ஆராய்வோர்க்கு முதற்றடை கருவறை வாயில். அருச்சகர் அன்றிப் பிறர் உள்ளே புகுதல் மரபன்று. மூலவரின் வடிவத்தை ஆடையும் அணியும் மாலையும் மறைத்திருக்கும். எண்ணெய்க் காப்பும் விளக்கொளியும் அடியவரின் கண்ணுக்கு நிறைவு தரும். ஆனால் கையில் உள்ளது மழுவா மானா என்று பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர்க்கு அவை போதா. ஆகவே புறச்சுவர்க் கோட்டங்களில் உள்ள வடிவங்களும், வழிபாடு நின்றுபோன கோயில்களின் சிற்பங்களும், அருங்காட்சியகங்களை அடைந்த செப்புத் திருமேனிகளுமே ஆராய்ச்சிக்கு எளிதில் உரியனவாகும்.

கோபிநாதராவ் இத்தடையைப் பழித்துக் காலம் கழித்தவர் அல்லர். வழிபாட்டு மரபு எந்த நூல்களை அடிப்படையாகக் கொண்டதோ, அந்த நூல்களையே தேடினார். அம்சுமத்பேதம், காமிகம், காரணம், சுப்பிரபேதம் ஆகிய ஆகமங்களும், வைகானச ஆகமமும், சில்பரத்தினம், விஷ்ணுதர்மோத்தரம் முதலிய நூல்களும் அவருக்குத் துணையாயின. திருவுருவ இலக்கணம் கூறும் வடமொழிப் பகுதிகளைத் திரட்டித் தம் நூலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டார். குருக்கள் குடும்பங்களின் சுவடிக் கட்டுகளிலும் சிற்பியர் பரம்பரையின் நினைவிலும் தங்கியிருந்த அறிவு, அதனால் எந்த ஊர் மாணவனும் எடுத்துப் படிக்கக்கூடிய ஒன்றாயிற்று.

அளவு முறையையும் அவர் விடவில்லை. உத்தம தசதாலம் என்னும் அளவில் திருவுருவம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். இவ்வங்குலம் கைவிரலால் அளப்பதன்று. அந்தத் திருவுருவத்தின் உயரத்தையே பகுத்துக் கொள்ளும் கூறு. எனவே சிறு செப்புத் திருமேனியும் பெரும் கற்சிலையும் ஒரே விகிதத்தில் அமைகின்றன. இதனை விளக்கும் அவருடைய தாலமானம் பற்றிய நூலை, அவர் மறைந்த பின்னர், 1920இல் இந்தியத் தொல்லியல் துறை தன் ஆய்வேட்டு வரிசையில் மூன்றாவதாக வெளியிட்டது.

குடிமல்லம்

அவருடைய நேர்மைக்குக் கடுஞ்சோதனையாக அமைந்தது இலிங்கம் பற்றிய ஆராய்ச்சி. இன்றைய ஆந்திர மாநிலத்தில், திருப்பதிக்கு அண்மையில், குடிமல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் மூலவரை 1911இல் அவர் அறிஞர் உலகிற்கு அறிவித்தார். ஏறத்தாழ 5 அடி உயரமுள்ள இலிங்கத்தின் முன்புறத்தில், குந்தியிருக்கும் ஓர் உருவத்தின் தோள்மீது சிவபெருமான் நிற்கிறார். ஒரு கையில் ஆட்டுக்கிடாய், மறு கையில் சிறு கலம், தோளில் மழு. இன்று கிடைக்கும் சிவ வடிவங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று இது.

அந்த இலிங்கம் ஆண்குறியின் வடிவை ஐயமின்றிக் காட்டுகிறது. படித்த சைவர் பலர், மேனாட்டுப் பாதிரிமாரின் ஏளனத்திற்கு அஞ்சியோ, தம் பத்தியின் மென்மையாலோ, இலிங்கத்திற்கும் அவ்வடிவத்திற்கும் தொடர்பே இல்லை என்று வாதிட்டு வந்த காலம் அது. தொடர்பில்லை என்று எழுதியிருந்தால் பாராட்டுக் கிடைத்திருக்கும். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாலும் எவரும் கேட்டிருக்க மாட்டார். கோபிநாதராவோ தொல்வடிவங்களைச் சான்று காட்டி, கண்ணுக்குத் தெரிவதைத் தம் இரண்டாம் தொகுதியில் வெளிப்படையாக எழுதினார்.

அதே தொகுதியில், அடிமுடி தேடிய இலிங்கோற்பவர் வரலாற்றைப் புராணங்கள் கூறியவாறே விரித்துரைத்தார். பிரம பாகம், விஷ்ணு பாகம், உருத்திர பாகம் என இலிங்கத்தை ஆகமங்கள் பகுக்கும் முறையையும் அளவுகளுடன் தந்தார். நம்பிக்கை கூறுவது ஓரிடத்திலும் கல் காட்டுவது ஓரிடத்திலுமாக, இரண்டும் முழுமையாக உள்ளன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. கற்பிப்பவன் ஏளனம் செய்யவும் கூடாது, ஒளிக்கவும் கூடாது என்னும் நெறியை அவர் எங்கும் முழக்கமாக எழுதவில்லை. நூலின் அமைப்பிலேயே கடைப்பிடித்தார்.

பிற சமயச் சுவடுகள்

இந்நேர்மை இலிங்க ஆராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. 1915ஆம் ஆண்டில் காஞ்சியின் பௌத்தச் சுவடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காமாட்சியம்மன் கோயிலின் உட்பிராகாரத்தில் இருந்த புத்தர் திருவுருவத்தை அதில் எடுத்துக்காட்டினார். நின்ற நிலையில் அமைந்த அவ்வுயர்ந்த சிலை பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. அன்னை வழிபாட்டின் தலைமைத் தலமொன்றில் புத்தர் இருந்தார் என்று எழுதுவது அன்றும் எளிய செயலன்று.

திருவிதாங்கூரின் சமண, பௌத்தச் சுவடுகளையும் அவ்வாறே ஆராய்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் பகவதி கோயில் உள்ளது. அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் வடிவங்கள் வரிசையாக உள்ளன. விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண்துறவி அங்குள்ள பகவதிக்குப் பொன் அணிகள் வழங்கியதைக் கூறுகிறது. பகவதி என்று இன்று வணங்கப்படும் இடம் முன்பு சமணர் திருப்பள்ளியாக இருந்தது என்பது தெளிவு. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் உள்ளனர். பத்மநாபரின் அடியவராக ஆண்ட மன்னரின் அலுவலர் ஒருவர் இவற்றை அரசு வெளியீட்டிலேயே அச்சேற்றினார் என்பது, எழுதியவரின் துணிவுக்கும் அச்சிட இடமளித்த அரசின் பொறுமைக்கும் சான்றாகும்.

1917இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில், சர் சுப்பிரமணிய ஐயர் பெயரில் அமைந்த சொற்பொழிவுகளை அவர் நிகழ்த்தினார். பொருள் ஸ்ரீவைணவர் வரலாறு. ஆழ்வார்கள் துவாபர யுகத்திலும் கலியுகத் தொடக்கத்திலும் தோன்றியவர்கள் என்பது குருபரம்பரை நூல்களின் கொள்கை. கோபிநாதராவ் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆராய்ந்து, நம்மாழ்வாரைக் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கணித்தார். காலம் குறைந்ததால் திருவாய்மொழியின் பெருமை குறையவில்லை. ஆயினும் ஐயாயிரம் ஆண்டுப் பழைமையில் ஊறிய உள்ளங்களுக்கு அக்கணிப்பு இனித்திருக்க முடியாது. அச்சொற்பொழிவுகள் 1923இல், அவர் இல்லாத காலத்தில், நூலாயின.

சித்தன்னவாசல்

கீரனூர் வட்டாரத்தோடு அவருக்கு உள்ள தொடர்பு சித்தன்னவாசலால் அமைந்தது. பழைய புதுக்கோட்டைச் சமத்தானத்தின் குளத்தூர் வட்டம் கீரனூர், நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் ஆகிய ஊர்களையெல்லாம் உள்ளடக்கியது. சித்தன்னவாசல் குடைவரையை 1916இல் எஸ். இராதாகிருஷ்ண ஐயர் தம் புதுக்கோட்டை வரலாற்றில் குறிப்பிட்டார். அதன் ஓவியங்களை உலகறியச் செய்த பெருமை கோபிநாதராவுக்கும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய்க்கும் உரியது. தாமரைத் தடாகமும், மலர் பறிப்போரும், ஆடல் மகளிரும் கொண்ட அவ்வோவியங்களைப் பற்றித் துப்ரேய் 1920இல் வெளியிட்டபோது கோபிநாதராவ் உயிருடன் இல்லை.

அவ்வோவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என அன்று கருதப்பட்டன. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் பாண்டியர் கல்வெட்டைக் கொண்டு, ஒன்பதாம் நூற்றாண்டினவாகப் பின்வந்தோர் அவற்றைக் கொண்டனர். கருத்து மாறியதற்குக் காரணம், முதலில் கண்டவர்கள் மறைக்காமல் வெளியிட்டதும், பின்வந்தோர் அச்சமின்றி மறுத்ததுமே ஆகும்.

இன்றைய வினா

கோபிநாதராவ் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அவர் எதிர்கொண்ட வினா முடியவில்லை. 2007ஆம் ஆண்டு மே மாதத்தில், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில், மாணவர் ஒருவர் தேர்வுக்காக வைத்த படங்கள் சமய உணர்வைப் புண்படுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. மாணவர் கைது செய்யப்பட்டார். உடன் பயின்றோர் இந்தியக் கலை மரபின் பழைய வடிவங்களைப் படங்களாகத் திரட்டிக் காட்சிக்கு வைத்தனர். அவற்றுள் குடிமல்லம் சிவனும் இருந்தார். காட்சியை மூடும்படி நிருவாகம் கூறியது. இசையாத பொறுப்புத் தலைவர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1916இல் நூலில் அச்சேறிய வடிவம் 2007இல் கலைக்கல்லூரிச் சுவரில் இடம்பெற இயலாமற் போயிற்று.

இஃது ஒரு சமயத்திற்கோ ஒரு நாட்டிற்கோ உரிய சிக்கலன்று. 2022இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஹாம்லின் பல்கலைக்கழகத்தில், பதினான்காம் நூற்றாண்டுப் பாரசீக ஓவியம் ஒன்றில் நபிகள் நாயகத்தின் உருவத்தை, முன்னறிவிப்புச் செய்த பின்னரே, வகுப்பிற் காட்டிய ஆசிரியர் அடுத்த பருவத்திற்கான வாய்ப்பை இழந்தார். அடியவரின் மனம் நோவதும் உண்மை; மாணவருக்கு உள்ளதைக் காட்ட வேண்டிய கடமையும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மதிக்கும் வழி அரிது. ஆயினும் அவ்வழியில் நடந்தவர் இல்லாமல் இல்லை என்பதற்குக் கோபிநாதராவின் நான்கு பகுதிகளும் சான்று.

கீரனூருக்குத் தெற்கே நார்த்தாமலையின் மேலமலையில் ஒரு குடைவரை உள்ளது. மக்கள் அதனைச் சமணர் குடகு என்பர். கல்வெட்டு பதினெண்பூமி விண்ணகரம் என்னும். சுவரில் ஏறத்தாழ ஒரே தோற்றமுடைய பன்னிரண்டு திருமால் வடிவங்கள் நிற்கின்றன. அங்குச் செல்லும் பள்ளி மாணவன், பெயரில் சமணரும் உள்ளே திருமாலும் இருப்பது ஏன் என்று ஆசிரியரைக் கேட்பான். கேட்டவனுக்குக் கல்லையும் கல்வெட்டையும் காட்டி விடை கூறும் உரிமையை, நூறாண்டுகளுக்கு முன்பே தம் எழுத்தால் நிலைநாட்டிச் சென்றவர் கோபிநாதராவ்.