பல்லை அராவிய ஹகீம்

அந்தலுஸ் நாட்டுத் தலைநகர் குர்துபாவுக்கு அருகே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா நகரைச் சேர்ந்தவர் ஹகீம் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள். மதீனத்து அன்ஸாரிகளின் வழித்தோன்றல். தம் நீண்டகால வைத்திய அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாக நூலாகத் தந்தார்கள். கடைசிப் பாகம் ரண சிகிச்சை பற்றியது; சுமார் 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன.

அவர்களை இப்போது நாம் நினைவுகூரக் காரணமுண்டு. நெருங்கி முளைத்த பற்களை வரிசைப்படுத்த, பல்லிடுக்கில் எனாமலைச் சற்றே தேய்த்து இடம் உண்டாக்க வேண்டுமென டாக்டர் கூறியதாகவும், இது கூடுமா என்றும் ஒரு தாய் தம் மகளுக்காக நம்மிடம் கேட்டார். அழகுக்காகப் பல்லிடையே இடைவெளி உண்டாக்கும் பெண்களை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த செய்தி அவரைக் கலங்க வைத்திருந்தது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஸஹீஹான ஹதீஸ் அது. கலங்கியது ஈமானின் அடையாளமே.

ஸஹ்ராவீ அவர்கள், வரிசை தவறிய பல் பெண்களுக்குக் குறிப்பாக விகாரம் தருவதை மறைக்காமல் எழுதுகிறார்கள். இன்னொரு பல்லின் பின்னே முளைத்து, அராவ வழியில்லாததைப் பிடுங்கச் சொல்கிறார்கள். துருத்தி நிற்பதையோ அராவச் சொல்கிறார்கள். அரம் இந்திய இரும்பால், ஊசி செய்வோரின் அரம்போல் நுண்மையாக இருக்க வேண்டும். (நம் நாட்டு இரும்பின் பெயர் அங்கே வரை போயிருக்கிறது!) ஒரே நாளில் அராவக் கூடாது, பல நாட்கள், சிறிது சிறிதாக. அவசரப்பட்டால் பல் ஆட்டங்கண்டு விழுந்துவிடும். பிறகு வழவழப்பாக்க வேண்டும். ஆராயாமல் பல் பிடுங்கும் நாவிதர்களை அவர்கள் கடுமையாகவே கண்டிக்கிறார்கள்.

அந்த நிதானம் இன்றும் தேவை. தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. ஆகவே டாக்டர்கள் இரு பற்கள் தொடும் இடத்தில் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டு மெருகிடுகிறார்கள். அந்த இடைவெளியும் நிலைப்பதில்லை. பற்கள் வரிசைக்கு வரும்போது மூடிக்கொள்கிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், அழகுக்காக என்ற சொல்லைக் கொண்டே தடையின் எல்லையை விளக்குகிறார்கள். சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்வதில் குற்றமில்லை. இதையே அத்தாய்க்கும் சொன்னோம். சீரான பல்லை நாகரிகத்துக்காக அராவ இது ஆதாரமாகாது என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

ஹிஜ்ரி 400க்குப் பின், குர்துபாவில் கலகம் மூண்டிருந்த நாட்களில் ஸஹ்ராவீ அவர்கள் வஃபாத்தானார்கள். மதீனத்துஸ் ஸஹ்ராவும் அக்கலகத்தில் பாழானது. அவர்களுடைய ரண சிகிச்சைப் பாகத்தை 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் ஜெரார்டு என்பவர் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அதையே படித்தார்கள்.