அதிகாரம் இல்லாத செயலாளர்

சட்டம் ஒன்று இயற்றிவிட்டால் போதும், கல்வி தானே வளர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்து, அது தரும் அறிக்கையை அச்சிட்டு அலமாரியில் அடுக்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுவோரும் உளர். மேடை ஏறி முழங்கினால் நாடு திருந்திவிடும் என்று நம்புவோருக்கும் பஞ்சமில்லை. நாமோ மூன்றும் வேண்டும் என்கிறோம். உண்மையைத் தேடிக் கண்டறிய வேண்டும். கண்டதை மக்களிடம் எடுத்துச் சொல்லவேண்டும். மக்கள் ஒப்பியதைச் சட்டமாக்க வேண்டும். இதைத் தம் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்துக் காட்டிய ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறோம். அவர் பெயர் ஹோரேஸ் மேன். அமெரிக்க நாட்டில் பொதுப்பள்ளியின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

வைக்கோல் பின்னிய சிறுவன்

1796ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராங்க்ளின் என்ற சிற்றூரில், ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்தார் மேன். தொப்பி செய்வதற்காக வைக்கோலைப் பின்னிக் காசு சேர்ப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை. ஆண்டு முழுதும் உழைப்பு. பள்ளிக்கூடமோ சில வாரங்களுக்கு மட்டுமே. பதின்மூன்றாம் வயதில் தந்தையைக் காசநோய் கொண்டுபோயிற்று.

அந்த ஊருக்கு ஒரு நற்பேறு வாய்த்திருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினுடைய பெயரைத் தாங்கிய ஊர் அது. பெயர் வைத்ததற்குப் பரிசாக ஆலயத்துக்கு ஒரு மணி வேண்டும் என்று ஊரார் அவரைக் கேட்டார்கள். பிராங்க்ளின் மணி அனுப்பவில்லை. 116 புத்தகங்களை அனுப்பிவைத்தார். பள்ளி தராத அறிவை அந்த நூல்கள் மேனுக்குத் தந்தன. பொதுநூலகம் என்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அவர் எந்த ஏட்டிலும் படித்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை.

1816இல் பிரவுன் கல்லூரியில் சேர்ந்து, 1819இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். 1823இல் வழக்கறிஞரானார். 1827இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் செய்த பெரும்பணி, மனநோயாளர்களுக்கு ஒரு மருத்துவமனை காண முயன்றது. அந்நாளில் மனநோயாளர்கள் சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் கட்டுண்டு கிடந்தார்கள். மேன் முதலில் இரக்கவுரை ஆற்றவில்லை. எந்தெந்த ஊரில், எத்தனை பேர், எந்நிலையில் கிடக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். கணக்கை மன்றத்தில் வைத்தார். 1833இல் வூஸ்டர் நகரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் கல்வித்துறையில் அவர் கையாண்ட முறைக்கு இதுவே ஒத்திகை.

கையில் இருந்தது எழுதுகோல் மட்டுமே

1836இல் மேலவையின் தலைவரானார். வழக்கறிஞர் தொழிலும் வளமாக நடந்தது. அடுத்த படி ஆளுநர் பதவியோ, வாஷிங்டனோ என்று நண்பர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், 1837 ஏப்ரல் 20ஆம் நாள், மாநிலக் கல்வி வாரியம் அமைக்கும் சட்டத்தில் ஆளுநர் எட்வர்ட் எவரெட் கையொப்பமிட்டார். வாரியத்துக்குச் செயலாளராக வாருங்கள் என்று மேனை அழைத்தார்கள்.

எத்தகைய வாரியம் அது? பள்ளி ஒன்றைத் திறக்க அதற்கு அதிகாரமில்லை. ஆசிரியரை அமர்த்தவோ நீக்கவோ உரிமையில்லை. ஊராட்சிகளுக்கு ஆணையிடவும் முடியாது. தகவல் திரட்டலாம், திரட்டியதைப் பரப்பலாம், ஆண்டுக்கொரு அறிக்கை தரலாம். அவ்வளவுதான்! மேலவைத் தலைவர் ஒருவர் ஏற்கத்தக்க வேலையா இது என்று கேட்டார்கள். மேன் ஏற்றார். வழக்குமன்றத்தை விட்டார், மேலவையை விட்டார், குதிரை மீதேறி ஊர் ஊராகப் புறப்பட்டார்.

அந்நாளைய பள்ளிகளின் நிலை என்ன? செல்வர் தம் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கும் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினர். பொதுப்பள்ளி ஏழைக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஆகவே அதன் கூரை ஒழுகினால் கேட்பார் இல்லை. காற்று புகாத அறை, சாய்மானம் இல்லாத பெஞ்சு, பனிக்காலத்தில் விறைக்கும் விரல்கள், எந்தப் பயிற்சியும் பெறாத ஆசிரியர். இவற்றையெல்லாம் கண்டார், பள்ளிக் கட்டடங்களைப் பற்றியே 1838இல் தனி அறிக்கை ஒன்று தந்தார்.

அதே ஆண்டில் எழுதிய இரண்டாம் அறிக்கையில் அவர் வைத்த கணக்கு மாநிலத்தையே உலுக்கியது. வாசிப்பு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பன்னிரண்டில் பதினொரு பங்கினருக்கு மேல், தாங்கள் வாசிக்கும் சொற்களின் பொருளை அறியாமலே வாசிக்கிறார்கள்! ஊர்க் குழுக்களிடமிருந்து திரட்டிய விடைகளிலிருந்து அவர் கண்ட முடிவு அது. வாய் வாசிக்கிறது, அறிவு உறங்குகிறது என்ற உண்மை அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. எவரும் கேட்கவில்லை என்பதே காரணம்.

அறிக்கை அரசினருக்கு. மக்களுக்கு? அதற்காக 1838இல் பொதுப்பள்ளிக்கென்றே மாதம் இருமுறை வெளிவரும் ஏடு ஒன்றைத் தொடங்கித் தாமே ஆசிரியராக இருந்து நடத்தினார். மாவட்டந்தோறும் கூட்டம் கூட்டிப் பேசினார். சில ஊர்களில் கூட்டம் சேரவில்லை. சில ஊர்களில் கேலி செய்தார்கள். பிட்ஸ்பீல்டு என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சி முகாமுக்குப் போனபோது, கூடம் குப்பையும் தூசுமாகக் கிடந்தது. உடன்வந்த ஆளுநர் பிரிக்ஸும் மேனும் துடைப்பம் எடுத்துக் கூட்டிச் சுத்தம் செய்தார்கள். ஆளுநர் கையில் துடைப்பம்! தொண்டு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

மழை நாளில் மூன்று மாணவியர்

நல்ல பள்ளிக்கு நல்ல ஆசிரியர் வேண்டும். நல்ல ஆசிரியர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்காக எட்மண்ட் டுவைட் என்ற வணிகர் 10,000 டாலர் தர முன்வந்தார். அரசும் அதே தொகையைத் தரவேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை. சட்டமன்றம் இசைந்தது. 1839 ஜூலை 3ஆம் நாள் லெக்சிங்டனில் முதல் பள்ளி திறந்தபோது வெளியே மழை. உள்ளே வந்தவர்கள் மூன்றே மூன்று பெண்கள். ஊர் சிரித்தது. ஆனால் அதே ஆண்டில் பாரியிலும், அடுத்த ஆண்டு பிரிட்ஜ்வாட்டரிலும் பள்ளிகள் எழுந்தன.

எதிர்ப்பு உறங்கவில்லை. வரிப்பணம் வீண், பிரஷ்ய நாட்டு ஏகாதிபத்திய முறை இங்கே நுழைகிறது என்றெல்லாம் கூவி, 1840இல் கல்வி வாரியத்தையும் பயிற்சிப் பள்ளிகளையும் ஒழித்துவிட ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 182 பேர் ஆதரித்தனர். 245 பேர் எதிர்த்தனர். வாரியம் பிழைத்தது. மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசாதிருந்தால் அந்த 245 பேர் கிடைத்திருப்பார்களா?

வரி கொடுப்போரை வெல்ல அடுத்த கணையை எடுத்தார். ஆலை முதலாளிகளுக்கும் தொழில் நடத்துவோருக்கும் வினாக்களை அனுப்பினார்: படித்த தொழிலாளிக்கும் படிக்காத தொழிலாளிக்கும் உழைப்பில், ஊதியத்தில் வேறுபாடு உண்டா? உண்டு, படித்தவரே மேல் என்று விடை வந்தது. 1841ஆம் ஆண்டுக்கான ஐந்தாம் அறிக்கையாக அது வெளிவந்தது. கல்வி செலவல்ல, முதலீடு என்ற வாதம் அரசியல் அரங்கில் கணக்கோடு நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் கேட்டது சாதகமான விடை தருவார் என்று எண்ணத்தக்க சிலரை மட்டுமே. 1970இல் மாரிஸ் வினோவ்ஸ்கிஸ் என்ற வரலாற்றாளர் அந்தக் கணக்கை ஆராய்ந்து, கல்வியின் பயனை மேன் மிகைப்படுத்திவிட்டார் என்று காட்டினார். நோக்கம் நல்லது என்பதால் கணக்குச் சரியாகிவிடாது. ஆர்வம் அளவுகோலை வளைக்கும். நமக்கும் இஃது எச்சரிக்கை.

பிரம்பும் வினாத்தாளும்

1843இல் ஐரோப்பா சென்றார். பிரஷ்யாவின் வகுப்புகளில், கையில் புத்தகமின்றி நின்று, பிள்ளைகளோடு உரையாடிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கண்டார். அடி வாங்கும் பிள்ளையைக் காணவில்லை. மன்னராட்சியின் அடிமைத்தனத்தை அவர் விரும்பவில்லை. ஆனால் நல்ல கற்பிக்கும் முறையை எங்கு கண்டாலும் கொள்ளலாம் என்றார். இந்த ஏழாம் அறிக்கை பாஸ்டன் நகரின் தலைமையாசிரியர்களைச் சுட்டது. 1844இல் 31 பேர் ஒன்றுகூடி மறுப்பு நூல் வெளியிட்டனர். பிரம்பில்லாமல் ஒழுங்கேது என்பது அவர்கள் வாதம். மேன் பதில் நூல் எழுதினார். அவர்கள் மறுபதில் எழுதினர். இவர் மீண்டும் எழுதினார்.

சொற்போரைத் தீர்த்தது ஒரு சோதனை. 1845இல் மேனின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவ் முதலியோர் அச்சிட்ட வினாத்தாளைக் கொண்டுபோய் பாஸ்டன் மாணவரிடம் தந்து எழுதச் சொன்னார்கள். அதுவரை தேர்வு என்பது வருகையாளர் முன்னே வாய்மொழியாக ஒப்பிப்பதுதான். விடைத்தாள்களைத் திருத்தியபோது, பத்தில் மூன்று பங்கு விடைகளே சரியாக இருந்தன. ஆண்டுகளை ஒப்பித்த மாணவர் பலர் நிகழ்ச்சிகளின் பொருளை அறியவில்லை. பள்ளியின் நோயைக் கண்டறியக் கொண்டுவந்த அந்தக் கருவி பிற்காலத்தில் பிள்ளைகளை அச்சுறுத்தும் கருவியாகப் பல நாடுகளில் மாறியது வேறு கதை.

1848இல் அவர் பதவியை விட்டபோது பன்னிரண்டு அறிக்கைகள் இருந்தன. ஆண்டுக்கு ஆறு மாதமாவது பள்ளி நடக்கவேண்டும் என்ற சட்டம் வந்திருந்தது. புதிதாகச் சுமார் 50 உயர்நிலைப் பள்ளிகள் எழுந்திருந்தன. கட்டடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. ஆசிரியர் ஊதியம் உயர்ந்திருந்தது. 1852இல் அமெரிக்காவின் முதல் கட்டாயக் கல்விச் சட்டம் அந்த மாநிலத்தில்தான் பிறந்தது.

கேட்கப்படாத கேள்வி

இத்தனையும் செய்தவரைப் பாராட்டிவிட்டு எழுந்து போகலாமா? கூடாது. அவர் வாய் திறக்காத இடமும் ஒன்று உண்டு.

பாஸ்டன் நகரில் கருப்பர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. பள்ளிக் கட்டடத்தின் சாளரம் வரை கணக்கெடுத்த மேன், இந்தப் பிரிவினையைப் பற்றி அறிக்கைகளில் போர்தொடுக்கவில்லை. பகையைப் பெருக்கினால் பொதுப்பள்ளி இயக்கமே உடைந்துவிடும் என்று அஞ்சினார் போலும். அடிமை ஒழிப்பு வீரர் வெண்டல் பிலிப்ஸ் அந்த மௌனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். பெண்களை ஆசிரியராக்கியதிலும் ஒரு குறை: குறைந்த ஊதியத்துக்கு வருவார்கள் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

மேன் கேட்காத கேள்வியைக் கேட்டது ஒரு கருப்பர் குடும்பம். ஐந்து வயதுச் சிறுமி சாரா ராபர்ட்ஸ், வழியில் இருந்த ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து, தொலைவிலிருந்த தன் பள்ளிக்கு நடக்கவேண்டியிருந்தது. தந்தை வழக்குத் தொடுத்தார். சார்லஸ் சம்னரும் கருப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிசும் வாதாடினர். வழக்கு தோற்றது. ஆனால் வில்லியம் கூப்பர் நெல் போன்றோர் வீடு வீடாகக் கையொப்பம் வாங்கினார்கள். மனுமேல் மனு போட்டார்கள். 1855இல் பள்ளிகளில் நிறப்பிரிவினையை மாசசூசெட்ஸ் சட்டம் தடைசெய்தது. மேன் பிறருக்குக் கற்றுத்தந்த அதே வழியில், அவர் துணையின்றியே, அவர்கள் வென்றார்கள்.

மேனும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1848இல் நாடாளுமன்றம் சென்றதும் அடிமை முறையை எதிர்த்து முழங்கினார். அடிமைகளைக் கப்பலில் ஏற்றித் தப்புவிக்க முயன்ற டேனியல் டிரேட்டனுக்காக வழக்காடினார். 1853இல் ஒகையோ மாநிலத்தில் ஆண்டியாக் கல்லூரியின் தலைவரானார். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் கற்றனர்; கருப்பின மாணவருக்கும் இடமிருந்தது. அங்கேயே 1859 ஆகஸ்டு 2ஆம் நாள் உயிர்நீத்தார்.

1847இல் அவரைத் தேடிவந்து பேசிச்சென்ற சார்மியெந்தோ பின்னாளில் அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவரானார். 1870இல் பரானா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி கண்டார். அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். லெக்சிங்டனில் மழையில் நனைந்து வந்த மூவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதை எண்ணியிருப்பார்களா?

தோழர்களே! ஆணையிடும் அதிகாரம் ஒரு துளியும் இல்லாத ஒருவர், கணக்கையும் எழுத்தையும் பேச்சையும் கொண்டு ஒரு மாநிலத்தின் சட்டங்களை மாற்றினார். அவர் எண்ணிச் சொன்ன குறைகள் தீர்ந்தன. அவர் எண்ணாமல் விட்ட குறை, பாதிக்கப்பட்டவர்களே எழுந்து எண்ணிச் சொல்லும்வரை தீரவில்லை. கல்வியைப் பற்றி எந்த அறிக்கை வந்தாலும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தக் கணக்கு மக்களிடம் போய்ச் சேர்ந்ததா? இந்தக் கணக்கில் விடுபட்ட பிள்ளை யார்?