முப்பது வயதில் மாறிய படிப்பு



என்ஜினியரிங் படித்தவன் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். கடைசி வருஷம் நெருங்கும்போது, எடுத்த பிரிவு நமக்குச் சரிதானா என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசாதவர்கள் நம்மில் குறைவு. எனக்குத் தெரிந்து மருத்துவக் கல்லூரியிலும் இதே கதைதான். சர்ஜரி என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த பையன் கடைசியில் வேறு பக்கம் திரும்புவான். வீட்டில் ஒரு மாதம் பேச்சு இருக்காது. அப்படித் திரும்பியவர்களில் மிகப் பெரியவர் நம்ம கரிசல்காட்டுக்காரர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உண்டாக்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. கண்ணில் புரை விழுந்தால் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மதுரைக்குப் பஸ் ஏறுகிற குடும்பங்கள் பல. எங்கள் பாட்டியும் அப்படிப் போய்ப் பார்வையோடு திரும்பியவர்தான். ஆனால் டாக்டர் வெங்கடசாமி முதலில் ஆசைப்பட்டது கண் மருத்துவத்துக்கு இல்லை.

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918 அக்டோபர் 1-ஆம் தேதி, விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மணலில் விரலால் எழுதிப் பழகிய தலைமுறை. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது உறவுக்காரப் பெண் ஒருவர் பிள்ளைப்பேற்று நேரத்தில் வலிப்பு வந்து இறந்துபோனார். அடுத்த சில வருஷங்களில் இன்னும் இரண்டு பேர் அதேபோல் போனார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று பையன் அப்போதே முடிவு செய்துவிட்டான்.

1938-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டம், 1944-இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம். 1945-இல் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் இடி விழுந்தது. கடுமையான முடக்குவாதம். மூட்டெல்லாம் வீங்கி, மாதக்கணக்கில் படுத்த படுக்கை. விரல்கள் கோணிப்போய், பேனா பிடிக்கக்கூட முடியாத நிலை. 1948-இல் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பிரசவ மருத்துவம் என்றால் ராத்திரி பூரா நிற்க வேண்டும், கையில் வலு வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. வயது முப்பது. கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள். இவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துக் கண் மருத்துவம் படிக்கப் போனார். 1951-இல் சென்னை அரசு கண் மருத்துவமனையில் மேற்படிப்பை முடித்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம். மில்லிமீட்டர் கணக்கில் கத்தி வைக்கிற வேலையை, கோணிய விரல் உள்ளவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்? யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. கண் ஆபரேஷனுக்குப் பலம் வேண்டாம், கையின் அசைவு சிறியது, உட்கார்ந்தே செய்யலாம். தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் திரும்பத் திரும்பப் பழகினார். அந்த விரல்களால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்திருக்கிறார்.

அந்த நோய் வந்ததும் நல்லதுக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வலி அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆசைப்பட்ட வேலை கைவிட்டுப் போனது போனதுதான். ஆனால் அந்தப் பெண்கள் செத்தது ஏன்? சரியான நேரத்தில் டாக்டர் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம். கண்புரையும் அந்த மாதிரிதான். சின்ன ஆபரேஷனில் சரியாகிற ஒன்றுக்காகக் கிராமத்தில் கிழவனும் கிழவியும் திண்ணையில் குருடாக உட்கார்ந்திருந்தார்கள். பாடத்தை மாற்றினாரே தவிர, எதற்காக டாக்டரானாரோ அதை மாற்றவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1956-இல் மதுரை எர்ஸ்கின் அரசு மருத்துவமனைக்கு வந்தார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1976-இல் ஓய்வு பெற்றதும் பென்ஷனோடு உட்காரவில்லை. மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்கிறவர் கொடுப்பதை வைத்து, கொடுக்க முடியாதவருக்கும் பார்ப்பது என்பது ஏற்பாடு. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி தங்கைகள்தான் குடும்பம். அவர்கள் நகையை அடகு வைத்துக் கட்டிடத்துக்குக் கை கொடுத்தார்கள்.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது அங்கே ஆபரேஷன் தியேட்டரைத்தான். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளி தயார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரைத் தொடங்கலாம். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். டாக்டரின் ஒரு நிமிஷம்கூடச் சும்மா போகாது. நம் புரொடக்‌ஷன் என்ஜினியரிங் பாடத்தில் லைன் பேலன்ஸிங் என்று படித்தோமே, அதேதான்!

இன்னொன்று லென்ஸ். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று சுமார் 100 டாலர். ஏழைக்குக் கண்ணுக்குள் லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-இல் ஆரோலேப் என்று மதுரையிலேயே தொழிற்சாலை போட்டு லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வைத்தியத்தில் பாதி உற்பத்திதான் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-இல் மதுரையில் காலமானார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள்தான். அடுத்த தலைமுறையிலும் பலர் அதே துறை. பிரசவ டாக்டராக ஆசைப்பட்ட ஒருவரின் வீடு அது.