ரூபாய்க்கு மாற்றுப் பார்த்த பிரின்செப்

ஒரு ரூபாய் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ரூபாய்தான். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே இந்தியாவில் இப்படி இல்லை!

அப்போது கல்கத்தாவில் ஒரு ரூபாய். பரூக்காபாத்தில் வேறு ரூபாய். பம்பாயிலும் சென்னையிலும் வேறு ரூபாய்கள். எடை வேறு, வெள்ளியின் மாற்றும் வேறு. ஓர் ஊர் நாணயத்தை இன்னோர் ஊரில் மாற்றினால், வட்டம் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். தேய்ந்த நாணயத்துக்கும் வட்டம்! சந்தைக்கு வந்த குடியானவனுக்குத்தான் நஷ்டம்.

இந்தக் குழப்பம் தீரப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரின்செப்.

கண் நோய் மாற்றிய வாழ்க்கை

பிரின்செப் 1799 ஆகஸ்டு 20-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக் கலை படித்தார். கண் நோய் வந்து அந்தப் படிப்பை விடும்படி ஆயிற்று. பிறகு உலோகங்களைச் சோதிக்கும் தொழிலைக் கற்றார்.

1819-ல் கல்கத்தா தங்கசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20. மறு ஆண்டே காசித் தங்கசாலைக்குப் போனார். 1830-ல் அது மூடப்பட்டதும் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1832-ல் அங்கே தலைமைச் சோதனை அதிகாரி ஆனார்.

வெள்ளியில் எவ்வளவு கலப்படம் என்று கண்டுபிடிப்பதே அவருடைய வேலை. ஒரு துண்டு வெள்ளியை நிறுப்பார். ஈயத்தோடு சேர்த்து உருக்கிக் கலப்படத்தை நீக்குவார். மிஞ்சிய வெள்ளியை மறுபடி நிறுப்பார். இதற்காகவே ஒரு நுட்பமான தராசு செய்தார். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதை ஆயிரம் பங்காக்கினால், மூன்று பங்கைக்கூட அந்தத் தராசு காட்டியது!

ஒரே எடை, ஒரே ரூபாய்

கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே நாணயம் வேண்டும் என்று பிரின்செப் யோசனை சொன்னார். 1835-ல் அது சட்டமாயிற்று. புது ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, சுமார் 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. சென்னை ரூபாய்க்கு 1818 முதலே இருந்த அளவு இது! இந்த வெள்ளி அளவு 1940 வரை நீடித்தது.

உங்கள் பெட்டியில் இருக்கிறதா?

1835 ரூபாயில் ஒரு பக்கம் நான்காம் வில்லியம் மன்னரின் தலை இருக்கும். மறுபக்கம் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ரூபாய் என்று எழுதியிருக்கும். ஆண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1835 என்று போட்டே 1840 வரை அடித்தார்கள். 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாயையும் பல ஆண்டுகள் அடித்தார்கள். அதில் ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ந்து வந்தால் முந்தியது. இரு பக்கமும் பிரிந்திருந்தால் பிந்தியது.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. அரிதாக இருக்க வேண்டும். எழுத்து தேயாமல் இருக்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்தால் விலை குறைந்துவிடும்!

ஒரு பக்கம் ராமர், சீதை. மறுபக்கம் கம்பெனியின் பெயர், 1818 என்ற ஆண்டு. இப்படிப்பட்ட செப்புக் காசு லட்சக்கணக்கில் விலை போகும் என்பார்கள். நம்பாதீர்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடித்ததே இல்லை. பிரின்செப் செய்ததைச் செய்யுங்கள்: பேச்சைக் கேட்காமல் தராசைக் கேளுங்கள்.

அசோகரைப் பேச வைத்தவர்

மண்ணில் கிடைத்த பழங்காசுகளையும் பலர் அவருக்கு அனுப்பினார்கள். அவற்றின் எழுத்துகளை இரவு பகலாக ஆராய்ந்தார். சாஞ்சி தூபியின் கற்களிலே சின்னச் சின்ன வாசகங்கள். எல்லாம் ஒரே மாதிரி எழுத்துகளில் முடிந்தன. கொடுத்தவர் பெயரோடு தானம் என்ற சொல் வருகிறது என்று ஊகித்தார். 1837-ல் பிராமி எழுத்தின் பூட்டுத் திறந்தது!

கல்வெட்டுகளில் பேசிய அரசர் அசோகர் என்பதை, இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைக் கொண்டு காட்டினார். அந்தக் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் இருந்தார்கள்!

ஓயாத உழைப்பு உடலைத் தின்றது. 1838-ல் கடுமையான தலைவலி. பிறகு மூளையே தளர்ந்தது. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1840 ஏப்ரல் 22-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 40-தான்.

கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரால் ஒரு படித்துறை இருக்கிறது. குடியானவன் கையில் இருந்த ரூபாய்க்கும், மறந்துபோன மாமன்னருக்கும் உண்மையான மதிப்பைத் தேடித் தந்தவரின் நினைவுச் சின்னம் அது.