சிதம்பரம் சென்ற தேசிகர்

இசைத்தட்டுகளாலும் திரைப்படங்களாலும் புகழ்பெற்ற ஒருவரைப் பல்கலைக்கழகம் ஒன்று அழைத்துத் தன் இசைத் துறையின் தலைமையில் அமர்த்துவது இன்று எளிதில் நடக்கக்கூடியதன்று. சுமார் 70 ஆண்டுகளுக்கு முன்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதைச் செய்தது. அழைக்கப்பட்டவர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். ‘நந்தனார்’ படத்தின் நாயகராகவே அவரைப் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். நடிகராக இருந்த காலத்தைவிட ஆசிரியராக இருந்த காலம் அவருக்குக் குறைந்ததன்று என்பதை நான் மிகவும் பிற்பாடுதான் அறிந்தேன்.

1908 ஆகஸ்டில், சிறுத்தொண்டரின் ஊராகிய திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் மரபில் பிறந்தவர் அவர். தந்தை முத்தையா தேசிகரிடம் தேவாரம் பயின்றார். பின்னர் வயலின் மேதை கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் கச்சேரி இசை கற்றார். ஓதுவாரின் பயிற்சி கடுமையானது. பண் வழுவக் கூடாது. அதைவிட முக்கியமாக, சொல் சிதையக் கூடாது. ராகத்தை விரிக்கும் ஆசையில் சொல்லை நடுவே முறித்துவிடும் பாடகர்கள் எக்காலத்திலும் உண்டு. தேசிகரின் பழைய பதிவுகளைக் கேட்கும்போது, எவ்வளவு உயரத்தில் பாடினாலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்து விழுவதை உணர்கிறேன். அது கோயில் தந்த சொத்து.

அந்தக் குரலைத் தேடி இசைத்தட்டும் சினிமாவும் வந்தன. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம். மணிக்கணக்கில் பாடிப் பழகிய கலைஞருக்கு அது பெரும் நெருக்கடி. எதை விடுவது, எதை முதலில் வைப்பது, கேட்பவர் மனத்தில் எது தங்கும் என்றெல்லாம் அந்த 3 நிமிடத்துக்குள் தீர்மானித்தாக வேண்டும். பின்னணிக் குரல் வேரூன்றாத காலமாதலால் படத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டும். ‘பட்டினத்தார்’, ‘தாயுமானவர்’, ‘மாணிக்கவாசகர்’ என்று அடியார் வேடங்களே அவரைத் தொடர்ந்து தேடி வந்தன. 1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ வெளியாயிற்று. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் கொடுத்து எடுக்கப்பட்ட அதே கதை எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. தேசிகரின் நந்தனாரோ மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டார்.

திரைப்புகழ் அவருக்கு வித்வான்களின் உலகில் முழு மரியாதையைப் பெற்றுத் தந்துவிடவில்லை. தமிழிசை இயக்கம் சூடுபிடித்திருந்த காலம் அது. 1946-இல் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் அவர் தமிழ்ப் பாடலைப் பாடியது பெரும் சர்ச்சையாயிற்று. மேடை தீட்டுப்பட்டுவிட்டது என்னும் அளவுக்குப் பேச்சு எழுந்ததாகக் ‘குடிஅரசு’ இதழ் கண்டித்து எழுதியது. திரையில் தீண்டாமையின் துயரைப் பாடிய கலைஞரைச் சுற்றி, நான்கே ஆண்டுகளில் ‘தீட்டு’ என்ற சொல் எழுந்தது. அதை வெறும் மொழிச் சண்டை என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

தேசிகர் பாடுவதோடு நில்லாமல் மெட்டமைப்பவராகவும் விளங்கினார். துன்பத்தில் வாடும் காதலன் யாழிசையை வேண்டும் பாரதிதாசன் பாடலுக்கு தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவர் அவரே. 1951-இல் ‘ஓர் இரவு’ படத்தின் வழியே அது தமிழகமெங்கும் பரவியது. இன்றும் கச்சேரியின் இறுதிப் பகுதியில் அதை விரும்பிக் கேட்போர் உண்டு. மெட்டு யாருடையது என்று கேட்போர்தாம் குறைவு.

இதற்கிடையில் பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டனர். பாடத் தெரிந்த நடிகருக்கு இருந்த தேவை குறைந்தது. 1948-இல் வந்த ‘திருமழிசை ஆழ்வார்’ படத்துக்குப் பின்னர் தேசிகரின் திரைவாழ்வு ஓய்ந்தது. தொழில்நுட்பம் மாறியதும் வாழ்விழந்த கலைஞர்களின் பட்டியல் நீளமானது. தேசிகர் அதில் சேராமல் போனதற்கு அண்ணாமலை நகரே காரணம் என்று நான் கருதுகிறேன்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய இசைக் கல்லூரி, சபேச ஐயர், பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் முதலியோர் பணியாற்றிய இடம். 1941-இல் தமிழிசை மாநாடு கூடியதும் அங்கேதான். 1950-களில் அதன் வாயில் தேசிகருக்குத் திறந்தது. நாளை போவேன், நாளை போவேன் என்று தில்லைக்கு ஏங்கியவராக நடித்தவர், தில்லையை ஒட்டிய அந்த வளாகத்திலேயே 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் கற்பித்தார். 1957-இல் தமிழ் இசைச் சங்கம் ‘இசைப்பேரறிஞர்’ பட்டம் வழங்கியது. 1972-இல் மறைந்தார்.

அவர் அங்கே கொண்டுசென்றது கல்லூரிப் பட்டத்தையன்று. கோயில், இசைத்தட்டு, படப்பிடிப்புத் தளம், கச்சேரி மேடை ஆகிய நான்கிலும் பாடிப் பிழைத்த அனுபவத்தையே கொண்டுசென்றார். ஒலிவாங்கிக்கு முன்னால் எப்படி நிற்பது, தனக்குப் பிடித்ததைச் சுருக்கிக் கேட்பவருக்கு வேண்டியதை எப்படி நிறுத்துவது என்பவற்றை ஏட்டிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது.

இத்தகையோருக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்னும் பதவிக்கு நெறிமுறை வகுத்தது. பட்டம் கட்டாயமில்லை, துறையில் 15 ஆண்டு அனுபவம் வேண்டும். நுண்கலையும் அதில் அடங்கும். வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் ஒருவருக்கு 3 ஆண்டுகளே பணி. விதிவிலக்காக மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். குரு தன் மாணவரின் குரலை அறிந்துகொள்ளவே அதில் பாதி போய்விடும். இந்த விதி அன்று இருந்திருந்தால், தேசிகர் நான்காம் ஆண்டின் முடிவில் அண்ணாமலை நகரைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். இசைக்கேனும் அந்த வரம்பைத் தளர்த்துவது குறித்து மானியக் குழு யோசிக்கலாம்.